பதினேழாம் நம்பர் சேட்டு

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறிய வேண்டாம். நாவற்குடாவில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்தில் பதினோரு வருடமாகச் சமைக்கிறவள் நான், றொசானி. அதில் பத்து வருடம் அங்கிருக்கும் மனிதரை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டேன். “பதினேழுக்குச் சீனி போடாத தேத்தண்ணி”, “இருபத்திரண்டுக்கு உப்புக் குறைஞ்ச கறி” என்று வாய் கூசாமல் கத்தியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தை என் வாயிலிருந்து பிடுங்கி எறிந்தவள், அங்கே உடுப்புத் தோய்க்கிற ஞானமலர்.

அவள் கதிரவெளிக்காரி. வயது நாற்பத்தாறு. ஆள் மெலிவு, கை மட்டும் ஆம்பிளைக் கை. சுனாமி அவளுடைய வீட்டைக் கொண்டுபோனது. மிச்சம் இருந்ததைச் சண்டை கொண்டுபோனது. ஊரோடு கிளம்பி முகாமுக்கு வந்தபோது ஒரு அட்டை கொடுத்து, அதில் ஒரு நம்பர் எழுதினார்கள். அந்த நம்பரை இன்றைக்கும் மூச்சு விடாமல் சொல்வாள். பிறகு குவைத்தில் ஆறு வருடம், ஒரே வீட்டில் பன்னிரண்டு பேருடைய உடுப்பைத் தோய்த்து அயன் பண்ணினாள். திரும்பி வந்து தையல் பழகினாள். கட்டினவன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனதைக் கேட்டால், “துலைஞ்சான் அக்கா, தோய்க்கிற உடுப்பில ஒரு ஆள்ட குறைஞ்சது” என்பாள். மகள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். மகளைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் ஞானமலர் வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள்.

எங்கள் இல்லத்தில் முப்பத்தொரு பேர். எல்லாருடைய உடுப்பையும் ஒன்றாகத்தான் தோய்ப்பது. அதனால் ஒவ்வொரு சேட்டு, சாரம், சட்டை, துவாய் எல்லாவற்றிலும் கறுப்பு மார்க்கர் பேனையால் நம்பர் போடுவது சட்டம். சட்டம் போட்டவர் எங்கள் பொறுப்பாளர் சிறில் மாஸ்டர். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். கெட்ட மனிசன் என்று சொல்ல மாட்டேன், பொய் சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் நம்பர் போடாத ஒரு பொருளைக் கண்டால் அவருக்கு உடம்பு கடிக்கும்.

போன மாசி மாதம் கந்தப்போடியார் வந்து சேர்ந்தார். எழுபத்தெட்டு வயது. ஒரு காலத்தில் நூற்றிருபது மாட்டுப் பட்டி, எட்டு ஏக்கர் வயல். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு. நாலு வெள்ளைச் சேட்டு அழகாக மடித்துக் கொண்டுவந்தார். அடுத்த நாள் தோய்ந்து வந்த சேட்டின் கழுத்துப் பட்டியில் 17 என்று கிடந்தது. மனிதர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டிருந்த சேட்டையும் கழற்றிக் கட்டிலில் வைத்தார். அன்றிலிருந்து மேலில் ஒரு துவாயோடுதான் நடமாட்டம்.

திமிர் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவருக்குச் சீனி வருத்தம், வலது கால் பெருவிரலுக்குக் கீழே புண். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போக வேண்டும். வெறும் மேலோடு வெளியே போக மாட்டார், மானஸ்தன். நம்பர் போட்ட சேட்டையும் போட மாட்டார். நான் என் கைக்காசில் ஒரு புது வெள்ளைச் சேட்டு வாங்கிக் கொடுத்தேன். “தோய்ச்சா மறுகா நம்பர் போடுவீங்கதானே?” என்று கேட்டார். சேட்டைத் திருப்பித் தந்துவிட்டார். இப்படியே இரண்டு கிளினிக் தவறியது. புண் கறுத்துக்கொண்டு வந்தது. மருந்து கட்ட வருகிற நேர்ஸ், “இன்னும் ஒருக்காத் தவறினா விரலை எடுக்க வேண்டி வரும், விரலோட நிண்டாப் புண்ணியம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

“ஒரு நம்பருக்காக ஒரு மனிசன் காலைக் குடுக்கிறதா?” என்று நான் அடுப்படியில் நின்று ஏசினேன். ஞானமலர் உடுப்புக் கூடையை இறக்கி வைத்தாள். “குடுப்பார் அக்கா. எனக்குத் தெரியும்” என்றாள்.

அந்தக் கிழமைதான் மதுஷாவின் பார்சல் வந்தது. மதுஷா எங்கள் ஊர்ப் பிள்ளை, நியூசிலாந்தில் நேர்ஸ். அவளுடைய தாய் கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். அந்த நன்றிக்கு வருடத்துக்கு ஒருமுறை சவுக்காரம், பிஸ்கட், களிம்பு என்று அனுப்புவாள். இந்த முறை ஹோல் சுவரில் மாட்டச் சொல்லி ஒரு துணியும் வந்தது. ஒரு பாயளவு இருக்கும். பழுப்பும் கறுப்பும் மட்டும். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஏதோ கோடுகள், இலைகள்.

தையல்காரிக்குப் புதுத் துணி கையில் கிடைத்தால் முதல் வேலை என்ன? தண்ணீரில் போட்டுச் சுருக்கம் எடுப்பது. ஞானமலரும் அதைத்தான் செய்தாள். வாளிக்குள் போட்டு அமத்திவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டாள். கால் மணித்தியாலத்தில் “என்டம்மோ!” என்று ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் துணி ஊறின அப்பளம் மாதிரிக் கிடக்கிறது. ஒரு மூலை மூன்று படையாகக் கழன்று வருகிறது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பலகையில் ஏந்தி எடுத்தோம். இரண்டு நாள் நிழலில் காய்ந்து, ஒரு மூலை போக மற்றது பிழைத்தது. அந்த இரண்டு நாளும் ஞானமலர் காகத்துக்குக் காவல் நிற்கிற சாட்டில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மதுஷாவுக்கு வீடியோவில் எடுத்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பில் போனே ஆடியது.

“அன்ரி, அது துணியில்ல, மரப்பட்டை! சமோவாக்காரர்ட வேலை. பட்டையை அடிச்சடிச்சு மெல்லிசாக்கி, மாப் பசையால ஒட்டுறவங்க. பக்கத்து வீட்டு மனிசி தந்தவ.”

“அதில கிடக்கிறதெல்லாம் என்ன புள்ள?”

“அவங்களச் சுத்தி உள்ளதுதான் அன்ரி. ஈரப்பலா இலை, தாழை, மீன் வலை, குருவி நடந்த கால் தடம். நாலு கோட்டுக்குள்ள முடிச்சிருவாங்க. பழகின கண்ணுக்குப் பார்த்தவுடன இது இன்னார்ட கை எண்டு தெரியுமாம்.”

“நம்பர் இல்லாமலா?” என்று ஞானமலர் கேட்டாள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது, இவள் ஏதோ வில்லங்கத்துக்குப் போகப் போகிறாள் என்று.

அன்று பின்னேரமே சிறில் மாஸ்டருக்கு முன்னால் போய் நின்றாள். “சேர், நம்பருக்குப் பதிலா ஆளுக்கொரு குறி போடுறன். அவங்கவங்களே சொல்ற குறி.”

“பூவையும் மீனையும் நான் எந்தக் கொப்பியில எழுதுற? முப்பத்தொரு பேர் புள்ள! மாறிப்போனா ஆர் பதில் சொல்ற?”

“நான் சொல்றன்.”

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ரெண்டு கிழமை தாறன். ரெண்டாம் கிழமை வியாழக்கிழமை எல்லாத் துணியையும் ஹோலில ஒண்டாக் கொட்டுவன். ஆளாள் வந்து தங்கட தங்கடதை எடுக்கணும். ஒரு துணி மாறினாலும், ஒரு துணி மிஞ்சினாலும் திரும்ப மார்க்கர் பேனைதான். பேசப்படாது.”

போடியாருடைய அடுத்த கிளினிக் அந்த வியாழனுக்கு அடுத்த நாள். மாஸ்டர் அதை யோசிக்கவில்லை. ஞானமலர் யோசித்தாள்.

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் விறாந்தையில் ஒவ்வொருவராக இருத்தி வைத்து ஒரே கேள்விதான் கேட்டாள். “கண்ணை மூடினாலும் உங்கட கை என்னத்தச் செய்யும்?” மருத்துவிச்சியாக இருந்த அம்மா தொப்புள்கொடிக்குப் போடும் முடிச்சைச் சொன்னார். பேக்கரியில் வேலை செய்தவர் பாணின் முதுகில் போடும் மூன்று வெட்டைக் காட்டினார். வாவியில் நண்டுக் கூடு வைத்தவருக்குக் கூடு. நல்லரத்தினம் ஐயா தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர், இப்போது பன்னிரண்டு வருடமாக இரண்டு கண்ணும் தெரியாது. “வட்டம், நடுவில ஒரு புள்ளி. ஆனா புள்ள, கைக்குத் தட்டுப்படாட்டி எனக்கு அது குறியில்ல” என்றார். பெயின்டால் கீற இருந்தவள், அந்த ஒரு சொல்லால்தான் அதைத் தூக்கி வைத்துவிட்டு நூலை எடுத்தாள்.

சண்டையும் வந்தது. இரண்டு அம்மாமார் மல்லிகைதான் வேண்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று நாள் சாப்பிட்டார்கள். ஒருவருக்கு மொட்டு, மற்றவருக்கு விரிந்த பூ என்று தீர்ப்புச் சொன்னது நான். மொட்டு கிடைத்தவர் இன்றைக்கும் என்னோடு அவ்வளவு முகம் கொடுப்பதில்லை.

“அந்தப் பட்டைத் துணியில கிடக்கிற தாழையைப் பார்த்து அப்படியே தைச்சா லேசுதானே?” என்று கேட்டேன். “அது அவங்கட அக்கா. எடுத்தாக் களவு” என்றாள். அவள் எடுத்தது அந்தக் கையின் முறையை மட்டும். நாலு கோட்டுக்கு மேல் போகாதது, தடித்த கோடும் மெல்லிய கோடும், பழுப்பு நூல், கறுப்பு நூல். காத்தான்குடியில் நூல் விற்கிற ஆதம்பாவா, “என்னகா, ஊருக்கே துக்கமா? சிவப்பு, பச்சை ஒண்டும் வேணாமா?” என்று கேட்டாராம்.

முப்பது பேருக்கு முடிந்தது. போடியார் மட்டும் பாக்கி. அவரிடம் போய்க் கேட்க அவளுக்குப் பயம். இங்கேதான் நான் என் வாயை வைத்தேன். “பட்டிக்காரனிட்ட என்னத்தக் கேட்கிற? அவர்ட மாட்டுக்குச் சுடுற குறி இருக்கும். குடிக்குக் குடி வேற வேற. அதைத் தைச்சுக் குடு, மனிசன் உச்சி குளிர்ந்து போவார்” என்று அடித்துச் சொன்னேன். அவருடைய மருமகனுக்குப் போன் எடுத்துக் குறியைக் கேட்டு வாங்கியதும் நான்தான். அவர் திருப்பித் தந்த புதுச் சேட்டின் கழுத்துப் பட்டிக்கு உட்புறம், ஞானமலர் ஒரு நாள் முழுக்க இருந்து தைத்தாள். அப்படி ஒரு வேலை! தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது.

போடியார் சேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்களுக்கு உள்ளுக்குள் சந்தோசம் தாங்கவில்லை.

“இது என்ட பட்டிக் குறி.”

“ஓம் போடியார்.”

“மாட்டுத் தொடையில சுடுறதை என்ட கழுத்தில வைச்சிருக்காய்.” குரல் ஏறவே இல்லை. “நம்பர் போட்டவங்க என்னை மனிசரோட சேத்தாவது எண்ணினாங்க. நீங்க மாட்டோட சேத்திட்டீங்க.”

சேட்டை மடித்து, கூடைக்குள் வைத்துவிட்டு, காலை இழுத்து இழுத்துப் போய்விட்டார். என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திராது. இத்தனை வருடம் இந்த மண்ணில் மாட்டுக் குறியைப் பார்த்துக்கொண்டு, அது மாட்டுக்கு என்று யோசிக்கத் தெரியாத மூளை எனக்கு! ஞானமலர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். அன்று திங்கட்கிழமை. வியாழனுக்கு மூன்று நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் போன விதம் எனக்குப் பிடிக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, விளக்கம் சொல்லவில்லை. அந்தச் சேட்டையும் ஒரு ஊசியையும் எடுத்துக்கொண்டு போய், போடியாரின் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். தைத்ததை ஒவ்வொரு நூலாகப் பிரிக்கத் தொடங்கினாள். துணி கிழியாமல் பிரிப்பது தைப்பதைவிடக் கஷ்டம். முக்கால் மணித்தியாலம் போயிருக்கும். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நானும் குற்றவாளிதானே.

கடைசி நூலும் வந்த பிறகு போடியார் வாயைத் திறந்தார். “ஏன் புள்ள, மற்ற எல்லாரிட்டயும் கேட்டுத்தானே தைச்சாய். என்னட்ட மட்டும் ஏன் கேட்கல்ல?”

“பயம் போடியார். ஏசுவீங்க எண்டு.”

“கேட்காமச் செய்ததுக்குத்தானே ஏசினன்.” கிழவர் சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. “இப்பக் கேள்.”

“கண்ணை மூடினாலும் உங்கட கை என்னத்தச் செய்யும்?”

மனிதர் உண்மையிலேயே கண்ணை மூடினார். கையை நீட்டி எதையோ பிடித்து மேலே தூக்குகிற மாதிரிச் செய்தார். பிறகு என் தேத்தண்ணிக்குள் விரலை விட்டு, சீமெந்து நிலத்தில் ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு சின்னக் கோடு. அதற்கு அங்கால் கோடு மூன்றாகப் பிரிந்தது.

“முப்பத்திரண்டு வருசம் எங்கட வயல் வட்டைக்கு நான்தான் தண்ணி பிரிச்ச வட்டவிதானை. இது பெரிய வாய்க்கால். இது பலகை, தூக்கினாத் தண்ணி. இது மூண்டும் மூண்டு வயல் கண்டத்துக்குப் போறது. முப்பத்திரண்டு வருசத்தில ஒரு மனிசன் தனக்குத் தண்ணி குறைஞ்சதெண்டு என்ட வாசலுக்கு வரல்ல. மாடு போச்சு, வயல் போச்சு. இது போகல்ல.” பிறகு விரலை நீட்டி எச்சரித்தார். “மூண்டும் ஒரே அகலம் புள்ள. ஒண்டு பெருத்தாலும் வெட்டுக்குத்து.”

அந்த மூன்று கோட்டுக்கு அவள் பட்ட பாடு! முதல் தரம் தைத்ததை ஒரு ஈர்க்கால் அளந்து பார்த்துவிட்டு, “நடுவுக்குத் தண்ணி கூட” என்றார். பிரித்தாள். இரண்டாம் தரம், “வலப்பக்கத்தான் வழக்குக்கு வருவான்” என்றார். பிரித்தாள். மூன்றாம் தரம் தைத்து முடிக்கும்போது வியாழன் விடிந்துவிட்டது. அதை அவருக்குக் காட்ட நேரமில்லை. மற்றத் துணிகளோடு கூடையில் போட்டாள்.

சிறில் மாஸ்டர் சொன்ன சொல் தவறாதவர். ஹோலின் நடுவே அத்தனையையும் கொட்டி, தும்புத்தடி போட்டுக் கிண்டினார். எங்கள் ஹோலில் அப்படி ஒரு கூட்டம் நத்தார்ப் பண்டிகைக்குத்தான் கூடும். சனம் வந்து எடுக்க எடுக்க மாஸ்டர் கொப்பியில் சரி போட்டார். முடிச்சு போனது, பாண் போனது, நண்டுக் கூடு போனது. மொட்டும் பூவும் முறைத்துக்கொண்டே தங்கள் தங்கள் சட்டையை எடுத்தன. நல்லரத்தினம் ஐயா குவியலுக்குள் கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக எடுத்தார். அப்போது மாஸ்டர் ஒரு சாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“பாத்தியா ஞானமலர்! இதிலயும் வட்டம், நடுவில புள்ளி. இதை நல்லரத்தினத்தார் விட்டுட்டார். மாறிப் போச்சு.”

நல்லரத்தினம் ஐயா கையை நீட்டி அந்தச் சாரத்தை வாங்கி ஒரே ஒரு தடவை தடவினார்.

“மாஸ்டர், இதில புள்ளிக்குக் கீழ வால் இருக்கு. இது என்ட முத்திரையில்ல, ரபான் மேளம் அடிச்சவர்ட ரபான். கண் தெரிஞ்சவர் நீங்க, வடிவாப் பாருங்க.”

ஹோலே விழுந்து விழுந்து சிரித்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சரி போட்டார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தது.

கடைசியில் நிலத்தில் ஒரே ஒரு வெள்ளைச் சேட்டு மிஞ்சியது. போடியாரைக் காணோம். கட்டிலில் இல்லை, விறாந்தையில் இல்லை. ஞானமலர் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாஸ்டர் ஐந்து நிமிடம் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். அவருக்கே அது விருப்பமில்லை என்று முகத்தில் தெரிந்தது. “ஒண்டு மிஞ்சினா எண்டு சொன்னனான் புள்ள” என்றார்.

“மிஞ்சல்ல மாஸ்டர். சவரம் எடுக்கப் பிந்திட்டுது.”

வாசலில் போடியார். வழித்த முகம், ஈரத் தலை, மேலில் துவாய். காலை இழுத்துக்கொண்டு நடுவுக்கு வந்து குனிந்து சேட்டை எடுத்தார். கழுத்துப் பட்டியைத் திருப்பி, இடுப்பிலிருந்து ஈர்க்கை எடுத்து அளந்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

“சரிசமன்” என்றார். துவாயைத் தோளிலிருந்து எடுத்து ஞானமலரிடம் கொடுத்துவிட்டு, சேட்டைப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டினார். “ஏன் புள்ள உள்ளுக்க ஒளிச்சு வைச்சிருக்காய்? நாளைக்குக் கிளினிக்குக்குப் போக முதல் சேட்டுப் பையில வெளிய ஒண்டு தைச்சுத் தா.”

நான் ஓவென்று அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன். பிறகு மாஸ்டரின் மேசையிலிருந்த மார்க்கர் பேனையை எடுத்துக்கொண்டு போய் என் அடுப்புக்குள் போட்டேன். அன்றைய சோறு முழுக்கப் பிளாஸ்டிக் மணம். ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஞானமலர்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். அங்கே கையில் ஒரு துண்டு கொடுத்தார்கள், இருபத்தாறு. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கிறது. உள்ளேயிருந்து “இருபத்தாறு, இருபத்தாறு” என்று கூப்பிட, மனிதர் அசையவில்லை. “போடியார், உங்களைத்தான்” என்று இவள் கெஞ்ச, “என்ட பேர் இன்னும் கூப்பிடல்லையே” என்றாராம். அங்கிருந்த ஒரு நேர்ஸ் பிள்ளை வெளியே வந்து பார்த்திருக்கிறாள். சேட்டுப் பையில் தைத்திருந்த வாய்க்காலைப் பார்த்து, “இது என்ன ஐயா, வடிவாக் கிடக்கு?” என்று கேட்டிருக்கிறாள். கேட்டால் விடுவாரா? முப்பத்திரண்டு வருடத்துத் தண்ணீரும் அந்த வாசலிலேயே பாய்ந்திருக்கிறது. கடைசியில் அவள் கொப்பியைப் பார்த்து, “கந்தப்போடி ஐயா, உள்ளுக்கு வாங்க” என்றாளாம். “இந்தா வாறன் மகள்” என்று எழும்பிப் போனாராம். இன்னும் பத்து நாள் பிந்தியிருந்தால் விரல் இல்லை என்று டொக்டர் சொன்னாராம்.

சிறில் மாஸ்டர் புதுக் கொப்பி வாங்கிவிட்டார். முப்பத்தொரு குறியையும் அடிமட்டம், கவராயம் வைத்துத் தானே கீறியிருக்கிறார். நல்லரத்தினம் ஐயாவின் வட்டம் அச்சு அசலாக இருக்கிறது, மல்லிகை மட்டும் முக்கோணமாக இருக்கிறது. அந்த மூலை போன பட்டைத் துணி ஹோல் சுவரில் தொங்குகிறது. யாரும் அதில் தண்ணீர் படவிடுவதில்லை.

புண் முழுதாக ஆறியது எட்டாம் கிழமை. அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு காலிலும் செருப்போடு, இழுக்காமல் கொள்ளாமல், ஒரு மனிதர் என் அடுப்படி வாசலுக்கு நடந்து வந்தார். வெள்ளைச் சேட்டு, பையில் மூன்று வாய்க்கால்.

“றொசானி, பதினேழுக்குத் தேத்தண்ணி இருக்கா?”

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வெளியே கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்த ஞானமலர் அப்படியே நின்றுவிட்டாள்.

“பதினேழு எண்டு இஞ்ச ஒருத்தரும் இல்ல” என்றேன். “கந்தப்போடியாருக்கு எண்டா இருக்கு. சீனி போடாம.”

“அப்ப அவருக்கே குடு” என்றார் போடியார். ஞானமலர் கொடிக்கு அங்கால் நின்று சிரித்த சிரிப்பு வாவிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.